மாசமா இருக்கும்போது என்ன உடுத்துவது? நைட்டி, புடவை, சுடிதார், மெட்டர்னிட்டி உடை: ஓர் ஒப்பீடு

ஐந்தாம் மாதம் பிறந்தால் போதும், என் தையல் கடைக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். "அக்கா, எந்தச் சுடிதாரும் இடுப்புல ஏறல. புதுசா வாங்கவா, இருக்கறதைப் பிரிச்சுத் தரீங்களா?" கேட்கிற பெண்ணின் போனில், ஆன்லைனில் பார்த்துவைத்த மெட்டர்னிட்டி உடைகள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் அம்மாவோ மாமியாரோ, "நாலு மாசத்துக்கு எதுக்கு இவ்ளோ செலவு? நாலு நைட்டி எடுத்தா முடிஞ்சுது" என்பார்கள். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவருமே நாட்களைக் குறைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

முதல் 12 வாரம் கருப்பை இடுப்பெலும்புக்குள்ளேயே இருக்கும். அப்போது உடை இறுகுவது உப்புசத்தாலும் மார்பு பெருப்பதாலும்தான். 20ஆம் வார வாக்கில் கருப்பை தொப்புள் மட்டத்துக்கு வரும். 36ஆம் வாரத்தில் நெஞ்சுக்குழியைத் தொடும். பிள்ளை பிறந்த மறுநாளே வயிறு பழையபடி ஆகிவிடாது. கருப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே சுமார் ஆறு வாரம் ஆகும். குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான், அதற்குப் பிறகும் பால் தொடரும். ஆக, நாலாம் மாதத்தில் வாங்குகிற உடையை ஒரு வருடத்துக்குக் குறையாமல் போடப் போகிறீர்கள். இதை மனதில் வைத்துப் பார்த்தால் எதற்குச் செலவு செய்வது, எதற்கு வேண்டாம் என்பது வேறு மாதிரித் தெரியும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, உடை உடம்பில் எந்த இடத்தைப் பிடித்து நிற்கிறது என்பது. தோளிலா, வயிற்றின் நடுவிலா, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பிலா? வயிற்றின் நடுவே இறுகும் நாடா நெஞ்செரிச்சலைக் கூட்டும். சாப்பிட்டு உட்கார்ந்தால் மூச்சு முட்டும். தோலில் தடம் விழுந்து அரிக்கும். குழந்தை நசுங்கிவிடுமோ என்று பலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். அது கருப்பைக்குள், பனிக்குட நீரில் பத்திரமாக இருக்கிறது. நாடாவால் அவதிப்படுவது தாய்தான். அந்த அவதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

அடுத்தது துணி. கர்ப்பத்தில் ரத்த ஓட்டம் கூடும், உடம்பு சூடாகவே இருப்பதுபோல் தோன்றும், வியர்வை அதிகம் வரும். கத்திரி வெயிலில் எட்டாம் மாதம் நடக்கும் பெண்ணுக்குப் பாலியஸ்டர் துணி தண்டனை. மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் வேர்க்குருவும் படையும் வருவது பெரும்பாலும் இதனால்தான். பருத்தி, மல் துணி, நல்ல ரேயான் இவற்றைத் தாண்டி யோசிக்க வேண்டாம்.

பாத்ரூமை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதல் மூன்று மாதத்திலும் கடைசி இரண்டு மாதத்திலும் அடிக்கடி ஓட வேண்டியிருக்கும். ஈரத்தரையில் நின்று முடிச்சு அவிழ்த்து, மறுபடி குனிந்து கட்டுவது வயிறு பெருத்தவளுக்குச் சின்ன வேலை இல்லை.

டாக்டரிடம் போகும் நாளையும் யோசியுங்கள். ஒவ்வொரு செக்கப்பிலும் மேற்கையில் பி.பி. பட்டை சுற்றுவார்கள், வயிற்றைத் தொட்டு அளப்பார்கள். சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து ரத்தம் கொடுப்பீர்கள். இறுக்கமான கையை மேலே சுருட்டிவைத்தால் அதுவே கையை இறுக்கி பி.பி. அளவை மாற்றிவிடும். கை லூசாக இருக்க வேண்டும். வயிறு மட்டும் தனியாகத் திறக்க வேண்டும்.

பிறகு, பால் கொடுக்க வசதி உண்டா, பஸ்ஸிலும் வண்டியிலும் போய்வர முடியுமா என்பவை.

கடைசியாகச் சொன்னாலும் எனக்கு முக்கியமானது ஒன்று உண்டு: கண்ணாடி முன் நின்றால் மனசுக்கு எப்படி இருக்கிறது? கன்னத்தில் மங்கு, கழுத்தில் கறுப்பு, தொப்புளிலிருந்து கீழே இறங்கும் கருங்கோடு என்று உடம்பு தன் பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும். இவற்றில் பெரும்பாலானவை பேறுகாலத்துக்குப் பிறகு மெல்ல மங்கும். ஆனால் அந்த நாட்களில் பெண்ணுக்குத் தன் உடம்பே அந்நியமாகத் தோன்றும். அப்போது போய், "வாயும் வயிறுமா இருக்கறவளுக்கு எதுக்கு அலங்காரம், கண்ணு பட்டுடும்" என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பூச்சூட்டல், வளைகாப்பு எல்லாம் யாருக்குச் செய்கிறோம்? மாசமாக இருப்பவளை உட்காரவைத்துப் பூ வைத்து, சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்குவதுதானே நம் வழக்கம்? அவள் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதில் நம் பாட்டிகளுக்கே சந்தேகம் இருந்ததில்லை. அந்த ஒரு நாளில் காட்டும் அக்கறையை மற்ற நாட்களுக்கும் கொஞ்சம் பங்கிடச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

## நைட்டி

இடுப்பில் எதுவும் இல்லை. தோளிலிருந்து நேராக இறங்குகிறது. பருத்தியில் எடுத்தால் காற்றோட்டம். பாத்ரூமுக்குச் சுலபம். முன்னால் ஜிப் வைத்ததை எடுத்தால் பிள்ளை பிறந்த பிறகும் அதுவே உதவும். விலையும் குறைவு. வீட்டுக்குள் இதற்கு ஈடு கிடையாது என்றே சொல்வேன்.

குறைகள் மூன்று. நீளம் முதலாவது: கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கணுக்காலைத் தாண்டி இறங்கும். வயிறு பெருத்தபின் கால் எங்கே வைக்கிறோம் என்று கீழே பார்க்க முடியாது. படியில் இறங்கும்போது ஓரம் காலில் மாட்டும். வாங்கியதும் கணுக்காலுக்கு மேலே இரண்டு இஞ்ச் வரும்படி மடித்துத் தைத்துவிடுங்கள். எந்தத் தையல்காரரும் நிமிடத்தில் செய்து கொடுப்பார்.

இரண்டாவது, ஸ்கேனுக்கும் செக்கப்புக்கும் நைட்டி ஒத்துவராது. வயிற்றைக் காட்ட முழு உடையையும் நெஞ்சுவரை தூக்க வேண்டும். அந்தக் கூச்சத்தை எத்தனையோ பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். போயே ஆக வேண்டும் என்றால் உள்ளே லூசான பேன்ட்டோ பாவாடையோ போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குறை விலைச்சீட்டில் தெரியாதது. இரவு போட்ட நைட்டியோடே காலையில் சமைத்து, அதோடே மதியம் படுத்து, சாயங்காலம் யாராவது கூப்பிட்டால், "நைட்டில இருக்கேன், வரல" என்று சொல்வதில் போய் முடிகிறது. வாசலுக்குப் போவது நிற்கிறது, மாலை நடை நிற்கிறது. டாக்டர் வேறு ஏதும் தடை சொல்லாதவரை கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சட்டென்று நடக்கக் கிளம்பும்படி உடுத்தியிருக்கிறோமா என்பது இதில் பெரிய பங்கு வகிக்கிறது. பகலுக்குத் தனி, இரவுக்குத் தனி என்று பிரித்து வையுங்கள். குளித்ததும் மாற்றுங்கள். பகல் நைட்டியில் கொஞ்சம் நல்ல நிறம், நல்ல பிரின்ட் எடுங்கள். அதற்கு ஆகும் கூடுதல் காசு வீண் இல்லை.

யாருக்கு இது பொருந்தும்: பெட் ரெஸ்ட் சொல்லப்பட்டவர்கள், மசக்கை விடாதவர்கள், ஒன்பதாம் மாதம், பிறகு ஆஸ்பத்திரி நாட்கள்.

## புடவை

அளவே இல்லாத உடை இது ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன் கட்டியது ஒன்பதாம் மாதத்திலும் சுற்றும், பிள்ளை பிறந்த பிறகும் சுற்றும். பாத்ரூமில் எதையும் அவிழ்க்க வேண்டாம், தூக்கிக்கொண்டால் போதும். டாக்டர் வயிற்றைப் பார்க்கக் கொசுவத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினால் முடிந்தது. முன்கொக்கி ஜாக்கெட்டும் முந்தானையும் பால் கொடுப்பதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். மதுரைச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, கோ-ஆப்டெக்ஸில் கிடைக்கும் சாதாரணப் பருத்திப் புடவை எதுவானாலும் வெயிலுக்கு இதம். கஞ்சி மட்டும் போடாதீர்கள். விறைத்த துணி வயிற்றில் உரசும்.

இத்தனை நல்லது இருந்தும் புடவை தோற்கும் இடம் உள்பாவாடை நாடா. புடவையின் முழு எடையும் அந்த மெல்லிய கயிற்றில் தொங்குகிறது. அதனால் இறுக்கிக் கட்டுகிறோம். வருடக்கணக்கில் கட்டியவர்களுக்கு இடுப்பைச் சுற்றிக் கருப்புத் தடம் இருக்கும். சிலருக்கு அது ஆறாத புண்ணாகவே ஆகிவிடுவதைத் தோல் மருத்துவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். கர்ப்பத்தில் தோல் விரிந்து மெலிந்திருக்கும்போது அந்தக் கயிறு இன்னும் ஆழமாகப் பதியும்.

இதற்கு வழி இருக்கிறது. நாடாவை எடுத்துவிட்டு, இரண்டு இஞ்ச் அகலத்துக்குப் பட்டி வைத்து, பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் கொக்கி வளையம் தைத்துக்கொள்ளுங்கள். மாதம் போகப் போக அடுத்த வளையத்துக்கு மாறலாம். எடை ஓர் இழையில் விழாமல் பரவும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வயிற்றின் மேல் கட்டாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் நிறுத்துங்கள். கொசுவம் ஏழு எட்டு எடுப்பவர்கள் நாலு ஐந்தாகக் குறைத்து மடிப்பை அகலமாக்குங்கள். முன்னால் துணி மூட்டையாகக் குவியாது. கணுக்கால் தெரியக் கட்டுங்கள். இப்போது பலர் பாவாடைக்குப் பதிலாகப் போடும் இறுக்கமான சாரி ஷேப்வேரை இந்த மாதங்களில் தொடவே வேண்டாம்.

ஒளிந்திருக்கும் செலவு ஜாக்கெட். புடவைக்கு அளவில்லை, ஜாக்கெட்டுக்கு உண்டு. மூன்றாம் மாதத்திலேயே மார்பு இறுகும், ஏழாம் மாதத்தில் மறுபடி இறுகும், பால் சுரந்ததும் இன்னொரு முறை. இருபது ஜாக்கெட்டையும் பிரித்துத் தைப்பது வீண். பெரும்பாலான புடவைக்குப் பொருந்தும் கறுப்பு, சந்தனம், மெரூன் என்று மூன்று ஜாக்கெட்டை லைனிங் இல்லாத பருத்தியில், முன்கொக்கி வைத்து, பக்கத் தையலுக்குள் ஒன்றரை இஞ்ச் துணி விட்டு, கை லூசாகத் தைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றே ஒரு வருடத்தை ஓட்டிவிடும்.

இருசக்கர வண்டியில் பின்னால் உட்காருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் காப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அழகுக்காக அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற வண்டிகள் ஏராளம். அப்படிப்பட்ட வண்டியில் புடவையோடு, அதுவும் ஒருபக்கமாக உட்கார்ந்து போகாதீர்கள். டவுன் பஸ் படியும் உயரம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையாவது காலியாக வைத்து ஏறுங்கள்.

பொருந்துபவர்கள்: ஏற்கெனவே தினமும் புடவை கட்டிப் பழகியவர்கள், புடவைதான் கட்ட வேண்டும் என்ற வழக்கமுள்ள வேலையில் இருப்பவர்கள். வாழ்நாளில் பத்துத் தடவை புடவை கட்டியவர் ஏழாம் மாதத்தில் பழக ஆரம்பிக்க வேண்டாம். உடம்பின் சமநிலை மாறியிருக்கும் நேரம், தடுக்கி விழுந்தால் பெரிய வினை.

## இருக்கிற சுடிதாரைப் பிரித்துத் தைப்பது

என் பிழைப்பு இதில்தான் என்றாலும், எல்லா டாப்ஸையும் கொண்டுவராதீர்கள் என்றுதான் சொல்வேன். காரணம் எளிய கணக்கு. ஊர்த் தையல்காரர் தைத்த டாப்ஸில் பக்கத் தையலுக்குள் ஓர் இஞ்ச் துணி இருக்கும். அதில் அரை இஞ்ச் விட்டால் இரண்டு பக்கத்திலும் நாலு ஓரம் சேர்ந்து இரண்டு இஞ்ச் கிடைக்கும். அது ஐந்தாம் மாதத்தைத் தாண்டாது. ரெடிமேடில் ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டியிருப்பார்கள். பிரிக்க ஒன்றுமே இருக்காது.

இன்னொரு சங்கதியும் உண்டு. வயிறு முன்னால் வரும்போது அகலம் மட்டும் போதாது, நீளமும் வேண்டும். சாதாரண டாப்ஸ் முன்னால் இரண்டு மூன்று இஞ்ச் ஏறி நிற்கும், பின்னால் தொங்கும். என்ன போட்டாலும் ஏனோ நன்றாக இல்லையே என்று பெண்கள் குழம்புவது பெரும்பாலும் இதனால்தான். உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை, வெட்டு அந்த உடம்புக்கானது இல்லை. ஏ-லைன், அம்ப்ரெல்லா, அனார்கலி மாடல்கள் இதைத் தாங்கும். நேர்வெட்டு டாப்ஸ் தாங்காது. ஆகவே, பீரோவில் இருப்பதில் விரிந்த வெட்டு உள்ளதை மட்டும் எடுத்து வையுங்கள். மற்றதை மடித்து மேலே போடுங்கள்.

பேன்ட்டுக்கு மாற்றம் அவசியம். நாடா சல்வாரில் நாடாவை உருவிவிட்டு ஒன்றரை இஞ்ச் மென்மையான எலாஸ்டிக் வைக்கலாம். இன்னும் நல்ல வழி, முன்பக்க இடுப்பை அரைவட்டமாக வெட்டி எடுத்து, அங்கே திருப்பூர் பனியன் துணியை, இழுத்தால் விரியும் ரிப் வகையை, வைத்துத் தைப்பது. கடையில் விற்கும் மெட்டர்னிட்டி லெகிங்ஸில் இருப்பதும் ஏறக்குறைய இதேதான். இரண்டு அளவு பெரிய லெகிங்ஸ் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைப்பார்கள். கால் தொளதொளக்கும், எலாஸ்டிக் அப்போதும் வயிற்றின் நடுவில்தான் நிற்கும்.

புதிதாகத் தைப்பதென்றால் மார்புக்குக் கீழே சுருக்கம் வைத்து, முன்பக்கம் மூன்று இஞ்ச் நீளம் கூட்டி, சுருக்கத் தையலுக்குள் மறையும்படி இரண்டு ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அரை மீட்டர் துணி கூடுதலாகும். கூலி கொஞ்சம் ஏறும். ஆனால் துணியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், நிறம் உங்கள் விருப்பம், அளவு உங்கள் உடம்புக்கு. எனக்குப் பிடித்த வழி இதுதான். இதிலும் மறைவான ஒரு செலவு இருக்கிறது, நேரம். நல்ல தையல்காரர் தீபாவளி, பொங்கல் சமயத்தில் மூன்று வாரம் கேட்பார். அதற்குள் உங்கள் அளவு மாறியிருக்கும்.

## மெட்டர்னிட்டி உடை

இதற்குக் கொடுக்கும் கூடுதல் விலை எதற்கு? நீளமான முன்பக்கம், வயிற்றை மூடும் விரியும் பட்டை, மறைவான ஜிப். இந்த மூன்றும் உண்மையிலேயே இருந்தால் காசு கொடுக்கலாம். சாதாரண பிரின்ட் நைட்டியையோ தொளதொள கவுனையோ மெட்டர்னிட்டி என்று பெயர் மாற்றி விற்பதும் நடக்கிறது. படத்தை விட்டுவிட்டுத் துணி என்ன என்ற வரியைப் படியுங்கள். பாலியஸ்டர் கிரேப் என்றால் வேண்டாம். ஜிப் மார்புக்கு நேராக நிற்கிறதா, உள்ளே துணிமடிப்பு வைத்து மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடாத ஜிப் குழந்தையின் கன்னத்தைக் கீறும். பல நிறுவனங்கள் கர்ப்பத்துக்கு முன்பிருந்த அளவையே கேட்கும். இப்போதைய அளவைப் போட்டுவிட்டு மூட்டைபோல் வந்து நிற்கும் உடையைத் திருப்பி அனுப்ப அலைபவர்கள் அதிகம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இது வேறு கணக்கு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு விடுப்பு 26 வாரமானது. அதில் பேறுகாலத்துக்கு முன் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். குழந்தையோடு அதிக நாள் இருக்க வேண்டும் என்று பலர் அந்த எட்டையும் எடுக்காமல் ஒன்பதாம் மாதம்வரை ஆபீஸ் போகிறார்கள். நாள் முழுக்க நாற்காலியில், ஏசியில், மீட்டிங்கில் இருக்கும் பெண்ணுக்கு வயிற்றைத் தாங்கும் பட்டை வைத்த பேன்ட் பெரிய ஆறுதல். 1,500 ரூபாய் உடையை வாரம் இருமுறை வீதம் ஒரு வருடம் போட்டால் ஒரு தடவைக்குப் பதினைந்து ரூபாய்கூட ஆகாது. அதையே எட்டாம் மாதத்தில் வாங்கி, பால் கொடுக்கும் வசதியும் இல்லாமல், நாலே முறை போட்டுவிட்டு மூட்டை கட்டினால் அதிக விலைதான்.

வாங்குவதென்றால் இரண்டு பேன்ட், இரண்டு டாப்ஸ் போதும். அக்கா, தங்கை, நாத்தனார் யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் போட்ட துணி பெரும்பாலும் புதிதுபோலவே இருக்கும்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | நைட்டி | புடவை | பிரித்த / புதிதாய்த் தைத்த சுடிதார் | மெட்டர்னிட்டி உடை |
|---|---|---|---|---|
| இடுப்பு இறுக்கம் | இல்லை | நாடாவை மாற்றாவிட்டால் அதிகம் | எலாஸ்டிக் வைத்தால் குறைவு | மிகக் குறைவு |
| வெயில் | பருத்தியில் நன்று | பருத்தியில் மிக நன்று | துணி உங்கள் கையில் | வாங்கும்முன் துணியைப் பார்க்க வேண்டும் |
| பாத்ரூம் | சுலபம் | சுலபம் | நாடா இருந்தால் சிரமம் | சுலபம் |
| செக்கப், ஸ்கேன் | ஒத்துவராது | மிக வசதி | வசதி | டாப்ஸ்-பேன்ட் என்றால் வசதி, கவுன் என்றால் இல்லை |
| பஸ், வண்டி | ஒத்துவராது | கவனம் தேவை | வசதி | வசதி |
| பால் கொடுக்க | ஜிப் இருந்தால் நன்று | மிக நன்று | ஜிப் வைத்துத் தைத்தால் நன்று | ஜிப் இருந்தால் மட்டும் |
| மறைவான செலவு | வெளியே போவது குறையும் | ஜாக்கெட் | காத்திருக்கும் நேரம் | அளவு தவறினால் அலைச்சல் |

பெரும்பாலானவர்களுக்கு ஒரே உடை போதாது. வீட்டோடு இருப்பவர்களுக்கு நான் சொல்வது: நாலு பருத்தி நைட்டி, இரண்டு புது சுடிதார். வேலைக்குப் போகிறவர்களுக்கு: இரண்டு மெட்டர்னிட்டி பேன்ட், இருக்கும் ஏ-லைன் டாப்ஸ், ஜிப் வைத்துத் தைத்த இரண்டு புது டாப்ஸ். புடவைக்காரர்களுக்கு: பட்டி வைத்த இரண்டு பாவாடை, மூன்று ஜாக்கெட், வேறு எதுவும் வேண்டாம்.

## எதை எடுத்தாலும் உள்ளே போடுவதில் மிச்சம் பிடிக்காதீர்கள்

மேலே ஆயிரம் ரூபாய் உடை போட்டு உள்ளே பழைய இறுக்கமான பிரா போடுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். தோள்பட்டை வலி, மார்புக்கடியில் புண் எல்லாம் அங்கிருந்துதான். நாலாம் மாதத்தில் கம்பி இல்லாத பருத்தி பிரா மூன்று, ஒன்பதாம் மாதம் பிறந்ததும் முன்பக்கம் திறக்கும் ஃபீடிங் பிரா மூன்று. ஃபீடிங் பிராவை முன்கூட்டியே வாங்கினால் அளவு பத்தாது. கடைசிக் கொக்கியில் பொருந்தும் அளவாக எடுக்காமல், இன்னும் தளர்த்த இடம் இருக்கும்படி எடுங்கள். ஜட்டி வயிற்றுக்குக் கீழே நிற்கும் பருத்தியாக இருக்கட்டும். வெள்ளைப்படுதல் கர்ப்பத்தில் கூடுவது இயல்பு. துர்நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

துணியில் கண்டுபிடிக்க வேண்டிய இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். வளையலும் மோதிரமும் ஜாக்கெட் கையும் திடீரென்று ஏறாமல், முகமும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது வெறும் நீர்க்கோவை என்று விடாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், அதுவும் இரவில், அரிப்பு அதிகமானால் துணி ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கல்லீரல் தொடர்பான கர்ப்பகாலப் பிரச்சினையாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும்.

செருப்பு: சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும் நேரத்து அளவுதான் சரியான அளவு. பின்வார் உள்ளதாக, வழுக்காத அடிப்பாகம் உள்ளதாக இருக்கட்டும்.

## வளைகாப்பு நாளுக்கு

அன்றைக்கு என்ன கட்டுவது என்பதில்தான் வீட்டில் சண்டை வரும். கனத்த காஞ்சிப் பட்டா, சாஃப்ட் சில்க்கா? மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும், சுற்றிலும் ஆள், ஏசி இருந்தாலும் புழுக்கம். கல்யாணப் பட்டைக் கட்ட ஆசை என்றால் சடங்கு நேரத்துக்கு மட்டும் கட்டிவிட்டு, சாப்பாட்டுக்கு முன் மாற்றிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஒரே புடவை என்றால் சாஃப்ட் சில்க்தான். முன்னாடியே மடிப்பு வைத்து அயர்ன் செய்து வாங்கிவிட்டால் அன்று நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை.

கண்ணாடி வளையலை வழக்கமாக 2.4 போடுபவர்கள் 2.6 வாங்கச் சொல்லுங்கள். பிரசவம்வரை கழற்றக் கூடாது என்று வைத்திருக்கும் வீடுகளில் கை வீங்கினால் அது வலியாகிவிடும். மருதாணி இலை அரைத்துப் போடலாம். உடனே கறுப்பாகச் சிவக்கும் என்று விற்கும் கோன் வேண்டாம், அதில் தலைமுடி டையின் ரசாயனம் கலந்திருக்கும், தோல் கொப்பளிக்கலாம். நகப்பூச்சை ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு அது இடைஞ்சல்.

ஜாக்கெட்டை ஒரு மாதம் முன்பே தைத்து வைக்காதீர்கள். துணியை முன்பே கொடுத்து, எம்ப்ராய்டரி இருந்தால் அதை முடித்து வைக்கச் சொல்லிவிட்டு, விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அளவு கொடுங்கள். கொடுக்கும்போது எத்தனையாவது மாதம் நடக்கிறது, அந்த ஜாக்கெட்டைப் பிறகு எப்போது போடப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னால் உள்ளே துணி விட்டு, பக்கத் தையலை நீளத் தையலாகப் போட்டுக் கொடுப்போம். பிள்ளை பிறந்தபின் நீங்களே வீட்டில் பிரித்தோ பிடித்தோ கொள்ளலாம். சொல்லாவிட்டால் அன்றைய அளவுக்குத்தான் வெட்டுவோம்.